தரவு மையமும் உக்கிராணப் பொறுப்பும்

பண்டு அரண்மனைகளிலும் மடங்களிலும் நெல்லும் நெய்யும் பிற பண்டங்களும் சேமித்து வைக்கும் அறைக்கு உக்கிராணம் என்று பெயர். இந்நாளிலோ மக்களுடைய பிறப்பு, கல்வி, நிலம், ஊதியம் முதலியவற்றைப் பற்றிய குறிப்புக்களெல்லாம் கணினிகளிற் பதியப்பெற்று, தரவு மையம் என்னும் புதிய உக்கிராணத்திற் குவிந்து கிடக்கின்றன. அவ்வுக்கிராணத்தை யாரிடம், எம்முறையில் ஒப்புவிப்பது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருளாகும்.

தரவு மையமாவது, கணினிகள் வரிசை வரிசையாய் நின்று இரவும் பகலும் இயங்கும் கட்டடம். அவை ஓயாது வெப்பத்தை உமிழ்வன. மின்சாரம் இமைப்பொழுது தவறினும் பணி அறுந்து போகும். ஆதலின் குளிர்பதனக் கருவிகள், மின்கலத் தொகுதிகள், டீசல் ஜெனரேட்டர்கள், தீயணைக்குஞ் சாதனங்கள், களவாகப் புகுவாரைத் தடுக்குங் காவல் ஆகிய யாவும் அங்கே வேண்டப்படும். இவற்றைக் கண்காணிக்கும் ஓர் இருக்கை ஒருபோதும் வெறிதாகாதிருக்க வேண்டுமெனின், வாரத்திற்கு 168 மணி நேரம் ஆள் இருத்தல் வேண்டும். ஒருவர் 48 மணி நேரம் உழைப்பாரெனக் கொள்ளினும் நால்வர் இன்றியமையாதவர். நம் கோரிப்பாளையத்தைச் சூழ்ந்துள்ள கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் வணிக நிலையங்களிலும் இந்நால்வரைத் தனித்தனியே அமர்த்த வல்லன எத்தனை? சித்திரை வெயிலில் ஒரு மூலையறையிற் கணினியை இருத்தி, ஒரே ஊழியரை நம்பி, அவர் விடுப்பெடுத்தால் திகைத்து நிற்பதினும், அதனையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தாரிடம் கூலி கொடுத்து ஒப்புவித்தல் அறிவுடைமையன்றோ? மேலாண்மைச் சேவை என்று இக்காலத்தார் வழங்குவது இதுவே.

இம்முறை நம் நாட்டிற்குப் புதிதன்று. பாண்டி நாட்டுக் கண்மாய்களில் நீர்ப்பாய்ச்சி என்பவர் ஒருவர் இருப்பார். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் தொழில்; விளைச்சலில் ஒரு பங்கு அவர் கூலி. ஆயினும் எவ்வயலுக்கு எப்பொழுது நீர் என்னும் முறையை வகுத்தவர் ஊராரே. ஊரார் கரைப்பக்கம் எட்டிப் பாராதொழியின் நீர்ப்பாய்ச்சி எத்துணை நல்லவராயினும் கண்மாய் தூர்ந்து போகும்.

2008ஆம் ஆண்டில் இந்திய அரசு ஒப்புதல் அளித்த மாநிலத் தரவு மையத் திட்டமும் இந்நெறியையே தழுவிற்று. மையம் அரசினருடையது, அதனை நடத்துவோர் ஒப்பந்தப்புள்ளி வாயிலாகத் தெரிந்தெடுக்கப்படுவோர், அவர்தம் பணியை அளந்து கூறுவோர் மூன்றாமவராகிய தணிக்கையாளர். உடையவர், நடத்துபவர், அளப்பவர் ஆகிய மூவரும் வெவ்வேறாயிருத்தல் வேண்டுமென்னும் இவ்வேற்பாடு சிறு நிலையங்களும் பின்பற்றத் தக்கது.

அளத்தலின் இன்றியமையாமையை ஒரு கணக்கால் விளக்குவாம். “நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் சேவை தடையுறாது” என்று ஒப்பந்தத்தில் எழுதுவர். கேட்பதற்கு அது நிறைவாகவே தோன்றும். ஓராண்டிற்கு 8,760 மணி நேரம்; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறக்குறைய எட்டே முக்கால் மணி நேரமாகும். அவ்வெட்டே முக்கால் மணியும் ஒருங்கே தேர்வு முடிவு வெளியாகும் நாளில் வந்து நேரின், ஒப்பந்தம் மீறப்படவில்லை. மாணாக்கர் மாத்திரம் தவித்து நிற்பர். எனவே ஆண்டுக் கணக்கோடு அமையாது, எந்நாளில் தடை கூடாது, தடை நேரின் எத்துணை நேரத்திற் சீர்ப்படுத்த வேண்டும், தவறின் கூலியில் எவ்வளவு குறையும் என்பனவும் எழுதப்பெறல் வேண்டும்.

“பிறரை நம்புவானேன்? நம்முடையதை நாமே காப்போம்” என்பாரும் உளர். சொந்தக் காவல் ஒன்றே காப்பாகாது என்பதற்குத் தென்கொரியா சான்று. அந்நாட்டின் தேசோன் நகரிலுள்ள அரசாங்கத் தரவு மையத்தில், 2025 செப்டம்பர் 26ஆம் நாள், லித்தியம் மின்கலங்களை இடம் பெயர்க்கும் வேலையின்போது தீப்பற்றிற்று. அறுநூற்றுக்கு மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர் தம் கோப்புக்களை இட்டுவைத்த ஜி-டிரைவ் என்னும் சேமிப்பில் 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவிற் பெரிதாகையால் அதற்கு வெளியிடத்திற் படி எடுத்து வைக்கவில்லையாம்! நடத்துவார் யாவரேயாயினும், படி இல்லையேற் காவல் இல்லை.

தமிழ் கற்கும் நாம் இதனை நன்குணர்வோம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணிப் பதிப்பு, பற்பல இடங்களிற் கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கிச் செய்யப்பெற்றது. ஓரிடத்து ஏட்டைச் செல்லரித்தாலும் வேறோரிடத்து ஏடு எஞ்சி நின்றமையாலன்றோ நூல்கள் நம் கைக்கு எட்டின? ஆகவே தரவின் படி ஒன்றேனும் வேற்றூரில் இருத்தல் வேண்டும். அப்படியிலிருந்து பணியை மீட்டெடுக்க இயலுமாவென அவ்வப்பொழுது செய்து பார்த்தலும் வேண்டும். பிரித்துப் பாராத ஏட்டுக்கட்டை நம்பியிருத்தல் தகாது.

இன்னும் இரண்டு கூறி அமைவாம். ஒப்பந்தம் முடியுங்கால், தரவு முழுவதையும் பிறரும் பயன்படுத்தத் தக்க வடிவிலே திருப்பித் தருதல் முன்னரே எழுதப்பெறல் வேண்டும். இன்றேல் கூலிக்கு அமர்ந்தவரே உடையவராகிவிடுவர். மற்று, வேலையை முற்றும் வெளியார்க்கு விட்டபோதிலும், அவர் தரும் கணக்கைப் படித்துப் பொருளுணர்ந்து வினாவத் தக்க ஒருவரையேனும் நிலையத்தார் தம்மிடத்தே வைத்திருத்தல் வேண்டும். அவருக்குரிய ஊதியம் வீண் செலவன்று.

உக்கிராணக்காரரை அமர்த்துவது வீட்டுத் தலைவர்க்கு இழிவன்று. அவரிடம் கணக்குக் கேளாதிருப்பதே இழிவு. நம் மதிப்பெண்களும் சான்றிதழ்களும் இவ்வுக்கிராணங்களில் இருத்தலின், “எம் தரவின் படி எங்கே உளது? அதனைக் கடைசியாகச் சோதித்த நாள் யாது?” என்று தத்தம் நிலையத்தாரைப் பணிவோடு வினவுதல் மாணாக்கராகிய நமக்கும் உரியதாம்.