சுவர் இருந்தால்தான் கார்!

வெளியூர்க்காரர்கள் பாண்டிச்சேரிக்கு வருவது இரண்டு திரவங்களுக்காக என்று ஒரு பேச்சு உண்டு. இரண்டுமே இங்கே விலை குறைவு. ஒன்றை வண்டிக்கு ஊற்றுவார்கள். மற்றது... குழந்தைகளும் படிக்கிற பத்திரிகை, விட்டுவிடலாம். விழுப்புரத்துக்காரரும் கடலூர்க்காரரும் எல்லை தாண்டி வந்து டாங்க்கை ரொப்பிக்கொண்டு போகிற ஊரில், திரவமே குடிக்காத ஒரு காரை நான் வைத்திருக்கிறேன். திருப்பதியில் சீப்புக் கடை போட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறார்கள்.

மின்சாரக் கார். சின்னது. பச்சை நம்பர் பிளேட். வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. டீக்கடையில் நிறுத்தினால் உடனே மூன்று கேள்வி வரும். 'ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்ளோ ஓடும்?' 'நடுரோட்ல நின்னுட்டா?' 'பாட்டரி பூட்டுச்சுன்னா?'

மூன்றுக்கும் பதில் மனப்பாடம். என் கார் பாட்டரி 24 யூனிட் பிடிக்கும். விளம்பரத்தில் 300 கிலோமீட்டருக்கு மேல் சொல்வார்கள்; ஏ.ஸி. போட்டுக்கொண்டு, மனைவியையும் மனைவியின் தங்கையையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினால் 170, 180. இதுவரை நடுரோட்டில் நின்றதில்லை. பாட்டரிக்குப் பெரும்பாலான கம்பெனிகள் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று காரன்டி தருகிறார்கள். நம் கல்யாணத்துக்குக்கூட யாரும் அப்படி எழுத்தில் தரவில்லை.

கணக்கும் கேட்பார்கள். ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர். யூனிட் 8 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்ச் சொச்சம். அதே அளவு பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கொடுத்தால் 6 ரூபாய். மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு மிச்சம் கிட்டத்தட்ட 5000. கேட்டவர் முகம் மலரும். 'அப்ப நானும் ஒண்ணு பாத்துடறேன் சார்' என்பார்.

நாலாவது கேள்வியை மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. நானே கேட்டுவிடுவேன்.

"குடியிருக்கறது சொந்த வீடா, வாடகையா?"

"வாடகை சார். ஏன்?"

"அப்ப உக்காருங்க, இன்னொரு டீ சொல்றேன்."

பெட்ரோல் பங்க்காரர் யாரையும் ஜாதி, மதம், சொந்த வீடு, வாடகை வீடு என்று கேட்டு ஊற்றுவதில்லை. காசைக் கொடுத்தால் குழாயை நீட்டுகிறார். மின்சாரக் கார் அப்படியில்லை. அதற்குத் தினம் ராத்திரி சாப்பாடு வீட்டில்தான். வீடு என்றால் சுவர். சுவர் என்றால் அதற்கொரு சொந்தக்காரர்.

என் வீட்டு ஓனர் கீழே, நான் மாடியில். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர், எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. பென்ஷன் யூரோவில் வருகிறது. மீசையும் கண்டிப்பும் அதற்குத் தகுந்த மாதிரி. கார் புக் பண்ணுவதற்கு முன்பே போய் நின்றேன்.

"வாசல்ல ஒரு பதினஞ்சு ஆம்ப் பாயின்ட் வேணும் சார்."

"எதுக்கு, கிரைண்டருக்கா?"

"காருக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "எவ்ளோ நேரம் ஓடும்?"

"ராத்திரி பத்து மணிக்குப் போட்டா காலைல ஆறு, ஏழு ஆவும்."

"நாங்கல்லாம் தூங்கறப்போ நீங்க என் கரண்ட்ல..."

"இல்ல சார், என் மீட்டர்லதான்."

"மீட்டர் உங்களுது. ஒயர் என் செவுத்துலதானே ஓடுது?"

யோசித்துப் பார்த்தேன். வாதத்தில் ஓட்டையே இல்லை.

அவர் பயந்ததிலும் நியாயம் உண்டு. அந்தச் சாதாரண பிளக்கில் கார் இழுப்பது சுமார் 3 கிலோவாட். இரண்டு ஏ.ஸி.யை ராத்திரி முழுக்க ஓட விடுவதற்குச் சமம். மிக்ஸி, ஃபேன், டி.வி.யை மனதில் வைத்து என்றோ ஒயர் இழுத்த வீடு இது. மின்சாரத்துறையில் எழுதிக்கொடுத்து லோடு ஏற்றவேண்டும். மீட்டரிலிருந்து தனியாகத் தடிமனான ஒயர் இழுத்து, தனி பிரேக்கர் போடவேண்டும். இதையெல்லாம் செய்யாமல் பழைய பிளக்கில் சொருகினால், முதலில் பிளக் உருகும், அப்புறம் நட்பு.

ஒருவழியாக ஒத்துக்கொண்டார். எல்லாம் என் செலவு, எலெக்ட்ரீஷியன் அவர் சொல்கிற ஆள். ஆள் வந்தார், டெஸ்டரை வைத்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"எர்த்து பேருக்குத்தான் சார் இருக்கு."

கடலோர ஊரில் இரும்புக் குழாய் பூமிக்குள் எத்தனை நாள் இருக்கும்? உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் தின்று முடித்திருந்தது. இத்தனை வருஷம் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் ஃபிரிட்ஜும் டி.வி.யும் எர்த் இல்லாவிட்டாலும் குடும்பம் நடத்திவிடும். மின்சாரக் கார் புது மாப்பிள்ளை மாதிரி. எர்த் சரியில்லையென்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு முறுக்கிக்கொண்டு படுத்துவிடும். ஒரு யூனிட் ஏறாது.

வாசலோரம் ஆழமாகக் குழி தோண்டி, புதுக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, "யாருக்குப்பா என்ன?" என்று விசாரித்தார். என் மனைவிக்கு வேறு கவலை. "ஏங்க, தோண்டறப்ப புதையல் கிடைச்சா ஓனருக்கா, நமக்கா?"

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓனர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "குழியே வீட்டோட சேந்ததும்மா."

அங்கேதான் விஷயம் இருக்கிறது. கார் வாங்கினால் ஊர் ஊராகச் சுற்றலாம் என்பார்கள். கார் வந்த நாளிலிருந்து என்னால் தெருவைவிட்டு வீடு மாற முடியவில்லை. குழாய், ஒயர், பிரேக்கர், கரி, உப்பு எல்லாம் அவர் மண்ணில், அவர் சுவரில். இன்னொரு வீட்டுக்குப் போனால் இன்னொரு குழி, இன்னொரு ஓனர், இன்னொரு 'எதுக்கு, கிரைண்டருக்கா?' பதினோரு மாத அக்ரிமென்ட் முடிந்து புதுசு எழுத உட்காரும்போது இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கரை கடந்தது ஞாபகமிருக்கும். கடந்து போகாமல் உட்கார்ந்தே விட்டது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பல பகுதிகளில் கரண்ட் இல்லை, ஜனங்களைப் படகில் மீட்டார்கள். எச்சரிக்கை வந்தபோதே நான் காரை மேடான இடத்துக்குக் கொண்டுபோய் விட்டிருந்தேன், முந்தின ராத்திரியே முழுக்க சார்ஜ் ஏற்றி. தண்ணீர் வடிந்த பிறகு ஓனர் மாடிப்படியேறி வந்தார். அவர் மனைவிக்கு மாத்திரை தீர்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அவர் வண்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

"உங்க வண்டில கரண்ட் இருக்கா?"

இருந்தது. அவர் சுவர் வழியாக வந்த கரண்ட்தான். போய்விட்டு வந்தோம். நன்றி மறக்கிற மனிதரில்லை. அடுத்த அக்ரிமென்ட்டில் வாடகையை ஆயிரம் ஏற்றுவதாக இருந்தவர் எண்ணூறோடு நிறுத்திக்கொண்டார்.

எனக்காவது வாசலென்று ஒன்று இருக்கிறது. கார் நிற்க இடமே இல்லாமல் தெருவோரம் விடுகிறவர்கள் எத்தனை பேர்? மின்சார ஸ்கூட்டரில் சிலவற்றுக்குப் பாட்டரியைக் கழற்றி டிபன் கேரியர் மாதிரி மாடிக்குத் தூக்கிப் போய்விடலாம். கார் பாட்டரியைத் தூக்க பீமனைத்தான் வாடகைக்குப் பிடிக்கவேண்டும். இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், கீழே மழைத்தண்ணீரில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். அடுக்குமாடியில் சொந்தமாக ஃப்ளாட் வைத்திருப்பவருக்கும் நிம்மதியில்லை. அசோசியேஷன் மீட்டிங்கில், 'இன்னிக்கு இவருக்கு, நாளைக்கு எல்லாரும் கேப்பாங்களே?' என்று ஒரு குரல் எழும். எல்லாரும் கேட்பார்கள்தான். அதற்குத்தானே அசோசியேஷன்?

'பொது சார்ஜர் இருக்கே' என்பீர்கள். இருக்கிறது. வேகமானது, ஒரு மணி நேரத்தில் முக்கால் பாட்டரி. ஆனால் யூனிட் விலை வீட்டு விலையைப்போல இரண்டு மூன்று மடங்கு. வீட்டுக் கரண்ட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பொது இடத்தில் சார்ஜ் ஏற்றினால் 18 சதவீதம். காருக்கோ 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான். ஆக, வாங்கும்போது எல்லாருக்கும் ஒரே சலுகை. ஓட்டும்போது சுவர் உள்ளவனுக்கு ஒரு விலை, இல்லாதவனுக்கு ஒரு விலை. நான் சொன்ன அந்த 5000 மிச்சக் கணக்கு, டீக்கடையில் முகம் மலர்ந்தாரே, அவருக்கு முழுசாகத் தேறாது. இந்தக் காரில் யாருக்கு மிச்சம் அவசியமோ அவருக்குத்தான் மிச்சம் குறைவு.

2024-ல் இந்தியாவில் மின்சாரக் கார் சுமார் ஒரு லட்சம் விற்றது. மொத்தம் விற்ற கார்கள் 40 லட்சத்துக்கு மேல். நூற்றுக்கு இரண்டு சொச்சம். சீனாவில் அதே வருஷம் புதுக் கார்களில் கிட்டத்தட்ட பாதி சார்ஜ் போடுகிற ரகம். நாமும் வேகமாக வளர்கிறோம் என்கிறார்கள், சந்தோஷம். முதல் இரண்டு பேர் போர்ட்டிகோ உள்ளவர்கள். அடுத்த தொண்ணூற்றெட்டுப் பேரில் பலருக்குப் போர்ட்டிகோ கிடையாதே, அவர்கள் எங்கே சொருகுவார்கள்?

லண்டனில் தெருவிளக்குக் கம்பத்திலேயே பிளக் வைத்துவிட்டார்கள். ராத்திரி தெருவோரம் காரை நிறுத்திக் கம்பத்தில் சொருகிவிட்டுப் போய்த் தூங்கலாம். நம் ஊரில் கம்பத்தில் கொக்கி போடுவதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், அங்கே பில் வரும்.

பிரெஞ்சுக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் இந்த வண்டிக்கும் பழைய சம்பந்தம். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றுகிற லெட் ஆசிட் பாட்டரியை 1859-ல் கண்டுபிடித்தவர் காஸ்தோன் பிளாந்தே என்கிற பிரெஞ்சுக்காரர். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய கார், 1899-ல் பாரீஸுக்குப் பக்கத்தில் ஓடியது, மின்சாரக் கார்தான். அதன் பெயருக்கு 'என்றைக்கும் திருப்தியில்லாதவள்' என்று அர்த்தம். ஓட்டியவர் பெல்ஜியத்துக்காரர். பெயர் வைத்தவர் கல்யாணமானவராக இருக்கவேண்டும் என்பது என் ஊகம்.

அந்த நாட்டில் 2010-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 'த்ருவா அ லா ப்ரீஸ்', அதாவது பிளக்குக்கான உரிமை. அடுக்குமாடியில் கார் நிறுத்த இடமிருந்தால், சொந்தக்காரரானாலும் சரி, வாடகைக்காரரானாலும் சரி, தன் செலவில் சார்ஜிங் பாயின்ட் வைத்துக்கொள்ளக் கேட்கலாம். தகுந்த காரணம் சொல்லாமல் ஓனரோ அசோசியேஷனோ மறுக்க முடியாது.

1954 நவம்பரில் புதுச்சேரியை விட்டுப் போனவர்கள் போலீஸுக்குச் சிவப்புத் தொப்பியும், தெருக்களுக்கு வாயில் நுழையாத பெயர்களும், என் ஓனருக்குப் பென்ஷனும் வைத்துவிட்டுப் போனார்கள். இந்தச் சட்டம் 56 வருஷம் தாமதமாக வந்ததால் நமக்குக் கிடைக்கவில்லை. அதற்காக அவர்கள் திரும்பி வரவேண்டாம். சட்டத்தின் நகலை மட்டும் தபாலில் அனுப்பினால் போதும்.

நம்மிடமும் விதி இல்லாமல் இல்லை. வீட்டில் இருக்கிற கனெக்‌ஷனிலேயே கார் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. புதுக் கட்டடங்களின் பார்க்கிங்கில் 20 சதவீதம் இடத்தில் சார்ஜிங் வசதிக்கு ஏற்பாடு வேண்டும் என்று 2019-ல் 'மாதிரி' கட்டட விதியில் சேர்த்தார்கள். மாதிரி விதி. இட்லி மாதிரி என்றால் அது இட்லி இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். தவிர, வாடகைக்கு இருப்பவன் பழைய கட்டடத்தில்தான் இருக்கிறான்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வாடகைக்காரர் தன் செலவில், மின்சாரத்துறை ஒப்புதலோடு, ஒழுங்கான எர்த்தோடு ஒரு பாயின்ட் வைத்துக்கொண்டால் வீட்டுக்காரர் தடுக்கக்கூடாது. காலி செய்யும்போது அந்தச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரவேண்டும். வாசலே இல்லாதவர்களுக்குத் தெருமுனையில், வீட்டு விலையில் நாலு பிளக். இது நடந்தால் மானியமே தராவிட்டாலும் ஜனங்கள் வாங்குவார்கள்.

அதுவரை, வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. காலங்காலமாக நாம் கேட்கிற கேள்வி மூன்று: தண்ணி வருமா, தனி மீட்டரா, வீட்டுக்காரர் மேலேயா கீழேயா. இனி நாலாவதையும் கேட்டுவிடுங்கள்: 'எர்த்து எப்படி சார்?'

ஓனர் முழித்தால், அவர் மண்ணைத் தொட்டுக் காட்டுவதற்குள் அடுத்த வீட்டைப் பார்த்து நடையைக் கட்டுங்கள்.