வார்டுக்குள் தனியாக

வயிற்றுப்போக்கு என்றால் நம் வீடுகளில் ‘காரத்தைக் குறை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். குரோன் நோயும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் அப்படி முடிகிறவை அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்கும் நீண்டகால நோய்கள் இவை. பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்கும். மலேசியாவில் மலாய்க்காரர்கள், சீனர்களைவிட இந்தியர்களிடம் இவை அதிகம் என்கின்றன ஆய்வுகள்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, ‘அவசரமில்லாத’ அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. கட்டில்களும் ஆட்களும் கோவிட் நோயாளிகளுக்குத் தேவைப்பட்ட நேரம்; குறை சொல்வதற்கில்லை. ஆனால், குடல் அழற்சிக்காரர்களுக்கு அந்தச் சொல் சரியாகப் பொருந்தவில்லை. மருந்துக்கு அடங்காத குடலோடு காத்திருப்பது என்றால், பலருக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் நீளும். அது தொற்றை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும், காயம் ஆறுவதையும் தாமதப்படுத்தும். ஸ்டீராய்டு எடுத்த குடல் அழற்சி நோயாளிகளுக்குக் கோவிட் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்பதைப் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து திரட்டிய பதிவுகள் அதே ஆண்டில் காட்டின. மருத்துவமனைக்குப் போனால் தொற்று பயம், வீட்டில் இருந்தால் மாத்திரை பயம்!

குடலில் ஓட்டை விழுந்தவர்களுக்கும், இரத்தப்போக்கு நிற்காதவர்களுக்கும் காத்திருக்க வழியில்லை. மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்து உள்ளே அனுப்பினார்கள். குடும்பம் வாசலோடு நின்றது.

பெருங்குடலை எடுத்தபின் சிலருக்குச் சிறுகுடலின் முனையை வயிற்றின் மேல் திறந்து வைப்பார்கள். அதுதான் ஸ்டோமா. கழிவு, வெளியே ஒட்டிய பையில் சேரும். அளவு பார்த்து ஓட்டை வெட்டுவது, தோலை வெதுவெதுப்பான நீரில் துடைத்து ஈரம் போகக் காயவிடுவது, மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்வது என எல்லாவற்றையும் வழக்கமாகத் தாதி நோயாளிக்கும் வீட்டார் ஒருவருக்கும் சேர்த்தே கற்றுத்தருவார். அன்று நோயாளி மட்டுமே கற்றார். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞரின் தாயார் புலனம் வழி காணொளியில்தான் அந்தப் பையை முதலில் பார்த்தாராம். வீடு திரும்பிய பிறகும் பல வாரங்கள் குளியலறைக் கதவைத் தாழிட்டு, பையைத் தானே மாற்றிக்கொண்டார் மகன். வலியைவிட அந்தத் தாழ்ப்பாள்தான் தன்னை வருத்தியது என்கிறார் தாயார்.

இன்னொரு பக்கமும் உண்டு. பழக்கூடையோடு வந்து ‘என்ன ஆபரேஷன்?’ என்று துருவும் சொந்தங்கள் அந்த நாட்களில் இல்லை. வீட்டிலிருந்தே வேலை, பக்கத்திலேயே கழிப்பறை. அந்த நிம்மதியும் சிலருக்குக் கிடைத்தது. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

இப்போது வார்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்தால், நோயாளியின் சம்மதத்தோடு, தாதி பை மாற்றும் நேரத்தைக் கேட்டு அப்போது போய் நில்லுங்கள். ஸ்டோமா வழியாக நீரும் உப்பும் அதிகம் வெளியேறினால் என்ன குடிப்பது, எப்போது மருத்துவமனைக்கு ஓடுவது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழக்கூடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.