ஆடிட்டர்களின் முகாம்

ஆடிட்டர்கள் குடும்பத்தோடு மலைவாசத் தலங்களுக்குப் புறப்பட்டு, அதற்குப் ‘பயிற்சி முகாம்’ என்று பெயரும் சூட்டிக்கொள்கிறார்களே என்று நம் இல்லங்களில் கேலி பேசுவோர் உண்டு. கேலியில் உண்மை அறவே இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் விஷயம் அத்துடன் முடிவதன்று.

1949இல் சட்டத்தின்வழி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், தொழில் புரியும் அறுபது வயதுக்குட்பட்டோர் 2023 முதல் 2025 வரையான மூன்றாண்டுகளில் 120 மணி நேரம் தொழிற்கல்வி பெறவேண்டுமென விதித்திருந்தது. அதன் கிளைகள் நடத்தும், இரண்டு மூன்று நாள் தங்கிப் பயிலும் முகாம்கள் இக்கணக்கில் சேரும்.

இத்தகைய முகாம்கள் பலவற்றில் விவாதத்திற்குரிய சிக்கல்கள் முன்னதாகவே கைக்கு வந்துவிடும். சிறு குழுக்களாக அமர்ந்து வாதிடுவர். பின்னர் அவற்றை வகுத்தவர் மேடையேறி விளக்கமளிப்பார். பெரிய நிறுவனத்து ஆடிட்டருக்கு ஐயம் எழுந்தால் அடுத்த அறையில் பங்காளர் இருக்கிறார். சிற்றூரில் தனியாகத் தொழில் நடத்துபவருக்கு யார் இருக்கிறார்? முகாமின் இரவு உணவு மேசைதான் அவருக்கு அந்த அடுத்த அறை.

2017இல் ஜி.எஸ்.டி. வந்தது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக 2025இல் புதிய சட்டம் நிறைவேறியது. 819 பிரிவுகள் 536 ஆகச் சுருங்க, மனப்பாடமாயிருந்த எண்களெல்லாம் இடம் மாறின. கையொப்பமிடும் சான்றிதழுக்கோ 2019 முதல் தனி அடையாள எண் பெறவேண்டும். பிழை நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. நம் கடைக்கணக்குகளும் அந்தக் கையொப்பத்தை நம்பியே வங்கிக்குப் போகின்றன.

ஆகவே சகோதரிகளே, ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்ன கணவர், விடுதி வராந்தாவில் எவரோடோ பிரிவு எண்களைப் பேசிக்கொண்டு நின்றால், அன்றொரு மாலை மட்டும் பொறுத்தருளுங்கள்.