தண்டவாளத்தில் கிடந்தாலே தற்கொலையா?

தண்டவாளத்திலோ கிணற்றிலோ நம் பிள்ளையின் உடல் கிடைத்தால், உடற்கூறாய்வுக்கு முன்பே 'தற்கொலை' என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. அதை முடிவுசெய்ய வேண்டியது ஊர்ப்பேச்சு அல்ல.

2015 ஜூன் 24 அன்று பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் உடல் தலை துண்டான நிலையில் கிடந்தது. கூடவே ஒரு தற்கொலைக் கடிதமும் இருந்தது. குடும்பத்தார் நம்பவில்லை; போராடினார்கள், உயர் நீதிமன்றம் சென்றார்கள்.

தடய மருத்துவர் உடலில் எதைத் தேடுகிறார்? உயிரோடு இருக்கும்போது பட்ட காயத்தில் ரத்தம் சுற்றியுள்ள தசைக்குள் கசிந்து பரவியிருக்கும். இறந்த பின் பட்டதில் பெரும்பாலும் அப்படி இருக்காது. தூக்கில் தொங்கினால் கழுத்துத் தடம் பொதுவாக முடிச்சை நோக்கி மேலே சாய்ந்திருக்கும். கயிற்றால் நெரித்தால் கழுத்தைச் சுற்றிப் படுக்கைவாட்டில் இருக்கும். இறந்த பின் ரத்தம் உடலின் கீழ்ப்பக்கம் தேங்கி, தோலில் கருநீலமாகத் தெரியும். மல்லாந்து கிடந்தவரின் நெஞ்சில் அந்த நிறம் இருந்தால், உடல் பிறகு புரட்டப்பட்டதா என்று கேட்க வேண்டும். நஞ்சு உண்டா என்பதை உள்ளுறுப்புகளின் ஆய்வக முடிவு சொல்லும்.

ஆனால் உடல் மட்டுமே எல்லாவற்றையும் சொல்லிவிடாது. எதனால் உயிர் போனது என்பதை மருத்துவர் சொல்லலாம். தானே போய் விழுந்தாரா, கொண்டுவந்து போட்டார்களா என்பதற்கு இடம், சாட்சி, கடைசி சில மணி நேரம் எல்லாம் வேண்டும். கோகுல்ராஜ் வழக்கில் திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்பு கேமரா பதிவு முக்கியச் சான்றானது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. யுவராஜின் ஆயுள் தண்டனையை 2023இல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்தில் வாய்ப்பேச்சோடு நிற்காமல் எழுதிக் கொடுப்போம். உடற்கூறாய்வை வீடியோ எடுக்கக் கோருவோம்; அறிக்கை நகல் கேட்போம். மறு ஆய்வு வேண்டுமென்றால் அடக்கத்துக்கு முன்பே நீதிமன்றம் போவோம். புதைத்த உடலைத் தோண்டியாவது பார்க்கலாம். எரித்துவிட்டால் அந்தச் சாட்சியை எந்த நீதிமன்றத்தாலும் திரும்ப அழைக்க முடியாது.