அஞ்சுவோரும் விசுவாசிகளே

நோயுற்றவரின் படுக்கையருகே அமர்ந்து ஜெபிக்க வருவோரில் பெரும்பாலோர் ஆறுதலைத் தந்து செல்கிறவர்கள். அவர்களுக்கு மருத்துவர்களாகிய நாங்கள் நன்றியுடையவர்கள். ஆனால் வேறு சிலரும் வருகிறார்கள். ஜெபத்தை முடித்து, நோயாளியின் கையைப் பற்றியபடி, "விசுவாசம் முழுமையாக இருந்தால் இந்நோய் உங்களை அணுகியிராது" என்று மெல்லிய குரலில் கூறிவிட்டுப் போகிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அவர்கள் படியிறங்கிய பின்னர் அறைக்குள் நுழையும் மருத்துவர் காண்பது வேறு. நாடித்துடிப்பு விரைந்திருக்கிறது, காலையில் இட்லி உண்டவர் நண்பகல் உணவைத் தொடவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். நோயின் சுமை போதாதென்று குற்றவுணர்வின் சுமையும் அவர்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது.

இந்தச் சொல்லை எதிர்த்தே எழுதுகிறேன். இம்மடலை வாசிப்போரில் பிற சமயத்தாரும் உளர் என்பதை அறிவேன். நேர்ச்சை தவறியதாலோ முன்வினையாலோ நோய் வந்தது என்று உங்களிடமும் யாரேனும் கூறியிருக்கக்கூடும். ஆகவே இங்கு சொல்லப்படுவதில் உங்களுக்கும் சிறிது பயன் இருக்கலாம்.

முதலில் அச்சத்தைப் பற்றி. அச்சம் உள்ளத்தின் குறையென்று பலர் எண்ணுகின்றனர். நுரையீரல் நோய்களைக் கவனிக்கும் எனக்கு அது முதலில் உடலின் ஒரு செயலாகவே தெரிகிறது. ஆபத்து என்று மூளை கருதிய நொடியில் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள சிறு சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன; இதயம் விரைகிறது, வாய் உலர்கிறது, மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடுகிறது. அப்படி ஓடும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அதனால் உதடும் விரல்நுனியும் மரத்துப்போகின்றன, தலை சுற்றுகிறது, நெஞ்சு இறுகுகிறது. "இதயம் நின்றுவிடப் போகிறது" என்று நோயாளி மேலும் அஞ்சுகிறார். மூச்சு மேலும் விரைகிறது.

இம்மலையில் இது இன்னும் எளிதாக நேர்கிறது. கோடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. இங்கு காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைவு. வத்தலக்குண்டிலிருந்து பேருந்தில் ஏறி வந்தவர் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதற்கு அவருடைய விசுவாசம் பொறுப்பன்று. இந்தக் காற்றிலும், கொடுத்த உடலிலும், அஞ்சுவது மனித இயல்பு. ஆண்டவரே கெத்செமனே தோட்டத்தில் வியாகுலப்பட்டார் என்று சுவிசேஷங்கள் மறைக்காமல் சொல்கின்றன. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று எவரும் பிரசங்கிப்பதில்லை.

கோடைக்கானல் என்னும் இந்த மலைவாழிடமே அச்சத்தில் பிறந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். (பூம்பாறை, வில்பட்டி முதலிய ஊர்களும், இம்மலையின் பளியர் குடிகளும் அதற்கு மிக முந்தியவை, நான் கூறுவது ஏரியைச் சுற்றியுள்ள இந்நகரை.) 1821ஆம் ஆண்டில் வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி இம்மலையை அளந்து சென்றார். 1834இல் மதுரையில் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் காய்ச்சலாலும் காலராவாலும் அல்லலுற்றனர். மனைவியரையும் குழந்தைகளையும் சமவெளியில் புதைத்தனர். தப்பும் வழி தேடி முதலில் சிறுமலையில் ஓய்விடம் அமைத்துப் பார்த்தார்கள். நோய் அங்கும் அவர்களை விடவில்லை. பின்னர் 1845இல் பழனி மலைமீது ஏறி இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். ஒன்றுக்குச் சன்னிசைடு என்றும் மற்றதற்கு ஷெல்டன் என்றும் பெயர்.

அவர்கள் அஞ்சியது தீய காற்றுக்கு. மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897இல்தான். காரணத்தைத் தவறாக அறிந்திருந்தும் சரியான இடத்துக்கு ஏறி வந்துவிட்டார்கள் என்பது ஒரு மருத்துவனுக்குச் சுவையான செய்தி. ஆனால் நான் கவனிப்பது வேறொன்றை. விசுவாசத்தைப் பிரசங்கிக்கவே கடல் கடந்து வந்த அம்மனிதர்கள், காய்ச்சலுக்கு அஞ்சி மலையேறியதை அவிசுவாசம் என்று கருதவில்லை. கோடை முடிந்ததும் மதுரைக்கு இறங்கினார்கள், வேலையைத் தொடர்ந்தார்கள், மறு ஆண்டும் அஞ்சினார்கள், மறு ஆண்டும் ஏறினார்கள்.

இம்மலையில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர், ஓய்வுக்குப் பின் கோடைக்கானலில் 'ஹில்டாப்' என்னும் தம் இல்லத்தில் வாழ்ந்து, 1960ஆம் ஆண்டு மே மாதம் இங்கேயே காலமானார். இராணிப்பேட்டையில் 1870இல் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறுமியாகப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர். அந்த வாழ்க்கை தமக்கு வேண்டாம் என்பதே இளம்பெண்ணாக அவர் கொண்ட முடிவு. அமெரிக்காவில் படித்து, நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று கணவர்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினர்: ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவரும் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு மூவருமே இசையவில்லை. ஐடாவோ மருத்துவம் கல்லாதவர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

இந்நிகழ்ச்சி பிரசங்க மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. சொல்லும்போது அந்த இரவின் ஜெபத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப்படுவது அதன் பின்னர் வந்த ஆண்டுகள். அவருடைய ஜெபத்துக்குப் பதில் உடற்கூற்றியல் பாடநூலாக வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்கு வந்தார். அருகிருந்து கற்றுத்தருவார் என்று அவர் நம்பியிருந்த தந்தை அதே ஆண்டில் புற்றுநோயால் இறந்தார். அனுபவமற்ற இளம் மருத்துவராக, துணையின்றி, நம்பிக்கையோடு வரத் தயங்கிய மக்களிடையே அவர் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறக்க முயன்றபோது, மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிது என்று அரசு மருத்துவ அதிகாரி ஒருவர் ஐயுற்றார். வந்தவை 151.

விண்ணப்பங்கள் குவிந்ததால் அன்று எல்லாம் நன்றாக முடிந்தது. நன்றாக முடியாதவற்றைப் பற்றி என்ன சொல்வது? படுக்கையில் இருக்கும் வாசகர் கேட்கும் கேள்வி அதுதான். அதைத் தவிர்த்துவிட்டு எழுதினால் நேர்மையாகாது. அதே வேலூரில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஊர்தி விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழ் உணர்வையும் அசைவையும் இழந்தார். கால்கள் மீளவில்லை. எத்தனையோ பேர் ஜெபித்திருப்பார்கள், அவருக்கும் விசுவாசம் இருந்தது, இருந்தும் மீளவில்லை. டாக்டர் பால் பிராண்ட் ஊக்கமளிக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தக் கற்றார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1966இல் வேலூரில் உருவான மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பயன். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். குணமாதலே விசுவாசத்தின் அளவுகோல் என்போர் இவரை எந்தத் தட்டில் வைப்பார்கள்?

ஐயத்தைப் பற்றியும் அதே பிழையான எண்ணம் நிலவுகிறது. சென்னையில் பரங்கிமலையைப் புனித தோமாவின் மலை என்று வணங்குகிற நாடு இது. தழும்பைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்ற அந்தத் தோமாவைத்தான் நம் மண்ணுக்கு வந்த முதல் அப்போஸ்தலர் என்று மரபு போற்றுகிறது. அவர் கேட்டதற்காக ஆண்டவர் அவரை வெளியேற்றவில்லை. கையை நீட்டச் சொன்னார். மாற்கு சுவிசேஷத்தில், வலிப்பால் துன்புறும் மகனைத் தூக்கி வந்த தகப்பன், தான் நம்புவதாகவும் தன் நம்பாமைக்கு உதவ வேண்டுமென்றும் ஒரே மூச்சில் கதறுகிறான். பாதி விசுவாசம் போதாது, முழுமையாகக் கொண்டு வா என்று அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை குணமடைந்தான். ஆண்டுகளாக நோயாளிகளின் பெற்றோரோடு பேசிவருகிற எனக்கு, வேதாகமத்தில் மிகவும் பழக்கமான குரல் அந்தத் தகப்பனுடையதே.

எலியாவின் வரலாறு வேறொரு வகையில் எனக்குப் பிடித்தது. அஞ்சியோடிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாக வேண்டுமென்று வேண்டிய அந்தத் தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் போதனை எதுவும் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், உறங்கவிட்டான், எழுப்பி மீண்டும் உண்ணச் சொன்னான். சோர்வுற்றவருக்கு இதைவிடச் சிறந்த மருந்துச் சீட்டை நானும் எழுதியதில்லை. இருப்பினும், உறக்கமின்மையும் நம்பிக்கையிழப்பும் இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. மனநல மருத்துவரிடம் செல்வதும் மாத்திரை உட்கொள்வதும் பாவமல்ல. நீரிழிவுக்கு இன்சுலின் போடுவதைப் போன்றதுதான்.

மாத்திரை என்றதும் ஒன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்தை நிறுத்துவதே விசுவாசத்தின் சான்று என்று போதிப்பவர்கள் இருக்கிறார்கள். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மருந்துண்ண வேண்டும். இரண்டாம் மாதத்திலேயே இருமல் தணிந்து, உடல் தேறி, குணமாகிவிட்டது போலத் தோன்றும். அந்த நேரத்தில் சாட்சி சொல்லிவிட்டு மருந்தை நிறுத்தியவர், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறிய நிலையில் திரும்பி வருகிறார். வரும்போது வீட்டிலுள்ள குழந்தைக்கும் இருமல் இருக்கிறது. இம்மலையடிவாரத்தில், ஒட்டன்சத்திரத்தில், 1955ஆம் ஆண்டு டாக்டர் தாரியனும் அவருடைய தோழர்களும் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கியது, விசுவாசம் குறைந்ததால் மருந்தைக் கையிலெடுத்தவர்களாக அல்ல. ஜெபித்த கைகளே ஊசியும் போட்டன. பன்னைக்காட்டிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் சிகிச்சைக்கு வரும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஜெபித்துவிட்டு மாத்திரையை விழுங்குங்கள், விழுங்கிவிட்டும் ஜெபியுங்கள்.

அப்படியானால் விசுவாசத்தில் வளர்வது எப்படி என்று கேட்பீர்கள். நான் போதகன் அல்லேன். கண்டதை மட்டும் கூறுகிறேன். அச்சத்தை ஒளித்து வைத்தவர்கள் இளைத்தார்கள். அதை வாய்விட்டுச் சொன்னவர்கள், கடவுளிடமோ மனைவியிடமோ செவிலியரிடமோ, மெல்லத் தேறினார்கள். நாளைய ஸ்கேன் முடிவு நல்லதாகவே வரும் என்று உறுதியாக நம்பியவர்களைவிட, எது வந்தாலும் தாம் கைவிடப்படுவதில்லை என்று நம்பியவர்கள் அந்த முடிவைத் தாங்கினார்கள். இந்த இரண்டாவது நம்பிக்கை ஒரே நாளில் வந்ததாக நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு சிகிச்சைச் சுற்றிலும், ஒவ்வொரு தூங்காத இரவிலும் சிறிது சிறிதாகச் சேர்கிறது. சில வாரங்களில் குறையவும் செய்கிறது.

உடனிருந்து கவனிப்போருக்குச் சில சொற்கள். நோயாளி "பயமாக இருக்கிறது" என்றால் "அப்படிச் சொல்லாதீர்கள்" என்று வாயை அடைக்க வேண்டாம். "எதை நினைத்துப் பயம்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் சாவைப் பற்றியதாக இராது. மருத்துவச் செலவு, மகளின் திருமணம், அறுவடையாகாத பூண்டு, ஊசி வலி என்று கைக்கு அடங்கும் ஒன்றாகவே இருக்கும். வருகையாளர் எவரேனும் விசுவாசத்தை அளக்கத் தொடங்கினால், தேநீர் அருந்த அழைத்துச் செல்லும் சாக்கில் அவரை வெளியே கூட்டிச்செல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்களுக்கும் ஐயம் வரும். கோபமும் வரும். அதற்காக ஜெபத்தை நிறுத்தவும் வேண்டாம், கோபமில்லாதது போல ஜெபிக்கவும் வேண்டாம்.

அதிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்து மூச்சு முட்டுவது போலிருந்தால், அது அச்சமாகத்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். முதலில் அழைப்பு மணியை அழுத்துங்கள். செவிலியர் வந்து விரலில் கருவியை மாட்டி உயிர்வளியின் அளவைப் பார்ப்பார். அளவு சரியாக இருந்தால், தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்து அமர்ந்து, மூக்கால் இழுத்த மூச்சை உதடுகளைக் குவித்து, இழுத்ததைப்போல் இருமடங்கு நேரம் மெதுவாக விடுங்கள். எண்ணிக்கைக்குப் பதிலாக உங்களுக்குத் தெரிந்த சிறு ஜெபத்தைச் சொல்லிக்கொண்டாலும் கணக்கு தவறாது.