தண்டவாளத்தோரம்: பாதையின் அகலமும் ஆளின் உயரமும்

சென்ற இதழில் வீட்டில் ஓட்டும் மாதிரி ரயில்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் சிலர் சங்கத்தின் மாதக் கூட்டத்தன்று நம்மைச் சூழ்ந்துகொண்டு, சிம்லாவுக்குச் செல்லும் சிறு ரயிலை வீட்டில் அமைக்க வேண்டுமாயின் எந்த அளவில் வாங்குவது என்று வினவினர். அவர்களுள் ஒருவர், "எனக்கு ஊட்டி ரயில்தான் வேண்டும், அதுவும் நாரோ கேஜ்தானே?" என்றார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது, நின்ற நிலையில் விடை கூற இயலவில்லை. மேலும், இவ்விஷயத்தில் நாம் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவர்கள். ஆகவே இம்மாதம் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

முதலில் ஊட்டி அன்பருக்கு. நீலகிரி மலை ரயில் நாரோ கேஜ் அன்று. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய அப்பாதை மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு இடையே சரியாக 1000 மில்லிமீட்டர். 1903-இல் திறக்கப்பட்ட கால்கா–சிம்லாப் பாதை இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர். 1881-இல் முடிந்த டார்ஜிலிங் பாதையும், 1907-இல் வந்த மாதேரான் பாதையும் இரண்டே அடி, 610 மில்லிமீட்டர். நம் தினசரிப் பிழைப்புக்குரிய அகலப் பாதையோ ஐந்தரை அடி, 1676 மில்லிமீட்டர். 'சிறு ரயில்' என்று ஒரே சொல்லால் நாம் அழைப்பவை மூன்று வெவ்வேறு அகலங்களைச் சார்ந்தவை என்பதை மறந்தால் பின்னர் எல்லாக் கணக்கும் தவறிப்போகும்.

எப்படித் தவறும் என்பதற்கு நம் கதையே சான்று. இரண்டாண்டுகளுக்கு முன், தசராவை ஒட்டி போனஸ் வந்த கையோடு, மகனுக்கு வாக்களித்திருந்த ரயிலை வாங்கக் கடைக்குச் சென்றோம். அவன் அவ்வாண்டு கோடை விடுமுறையில் கால்காவிலிருந்து சிம்லா வரை சன்னலோரத்தில் அமர்ந்து, சுரங்கங்களை எண்ணிக்கொண்டே வந்தவன். கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து, ஒன்பது மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையைக் காட்டி, "இதைவிடக் குறுகியது எங்கே கிடைக்கும்? பெயரிலேயே 'என்' இருக்கிறதே, நாரோ!" என்றார். நாமும் நம்பினோம். ரயில்வேயில் பதினான்கு ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருக்கும் நாம், ஒரு பெருக்கல் கணக்குப் போடாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

'என்' என்பது நாரோ அன்று. பாதையின் அகலமாகிய ஒன்பது என்னும் எண்ணின் முதலெழுத்து. அவ்வகை வண்டிகள் உண்மையில் 160-இல் ஒரு பங்காகச் செய்யப்படுபவை. ஒன்பதை 160-ஆல் பெருக்கினால் 1440. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய எக்ஸ்பிரஸ் வண்டிகள் ஓடும் 1435 மில்லிமீட்டர்ப் பாதையே அது! நாம் வாங்கி வந்தது சிறுத்துப்போன பெரிய ரயில், சிறிய ரயிலன்று. மகன் பெட்டியைப் பிரித்து ஒரு நாழிகை பார்த்துவிட்டு, "இது ராஜதானி மாதிரி இருக்கிறதே, அப்பா" என்றான். குறை கூறும் குரலில் கூறவில்லை. அதுதான் நமக்கு அதிகமாகச் சுட்டது.

ஆகவே, விகிதம் வேறு, கேஜ் வேறு. உண்மைப் பொருளை எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்குகிறோம் என்பது விகிதம். மாதிரித் தண்டவாளங்கள் இரண்டுக்கும் இடையேயுள்ள இடைவெளி கேஜ். உண்மைப் பாதையின் அகலத்தை மாதிரிப் பாதையின் அகலத்தால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். மெட்ரிகுலேஷன் படித்தவருக்கு இதைவிட மேலான கணிதம் தேவையில்லை.

கடைகளில் எளிதில் கிடைக்கும் பாதைகள் சிலவே: ஆறரை, ஒன்பது, பன்னிரண்டு, பதினாறரை, முப்பத்திரண்டு, நாற்பத்தைந்து மில்லிமீட்டர். இவற்றுள் ஒன்பதும் பதினாறரையும் ஏராளம்; மற்றவற்றைத் தேட வேண்டும். நாரோ கேஜ் அமைப்போரின் தந்திரம் என்னவெனில், சிறிய விகிதத்துக்காரரின் பாதையையும் சக்கரங்களையும் மோட்டாரையும் இரவல் வாங்கி, அவற்றின்மேல் பெரிய விகிதத்து உடலை ஏற்றுவது. 1963-இல் ஜெர்மனியில் எக்கர்-பான் என்னும் நிறுவனம் இதையே செய்தது. ஒன்பது மில்லிமீட்டர்ப் பாதையில் 87-இல் ஒரு பங்கு வண்டிகளை ஓட்டியது. 1998-இல் பாக்மன் நிறுவனத்தார் பதினாறரை மில்லிமீட்டர்ப் பாதையில் 48-இல் ஒரு பங்கு வண்டிகளைக் கொண்டுவந்தபின், அமெரிக்காவில் இரண்டரை அடிப் பாதைக்குப் புதிய மவுசு பிறந்தது.

நம் சிம்லாவுக்கு இக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 762-ஐ ஒன்பதால் வகுத்தால் ஏறக்குறைய 85. எச்.ஓ. எனப்படும் 87-ஆம் விகிதம் அருகிலேயே இருக்கிறது. 783 மில்லிமீட்டர் வரும், 21 மில்லிமீட்டர்தான் மிகுதி. ஆங்கிலேயரின் ஓ.ஓ. விகிதமாகிய 76-இல் செய்தால் 684 வரும், சற்று ஒல்லி. பதினாறரையால் வகுத்தால் ஏறக்குறைய 46. அமெரிக்கரின் 48-இல் 792, ஆங்கிலேயரின் 43½-இல் 718. டார்ஜிலிங் வேண்டுவோர்க்கு அதிருஷ்டம் வேறு திசையில் இருக்கிறது: அடிக்கு 16 மில்லிமீட்டர் என்னும் விகிதத்தில், 32 மில்லிமீட்டர்ப் பாதை அப்பழுக்கின்றி இரண்டடியாகிறது. ஆனால் அது தோட்டத்தில் ஓட்டுவதற்குரியது. ரயில்வே காலனியில் நமக்குத் தோட்டம் என்பது குழாயடித் துளசிச்செடி மட்டுமே. ஊட்டி அன்பருக்கு, 1968-இல் எல்.ஜி.பி. என்னும் ஜெர்மன் வண்டிகளோடு பரவிய 45 மில்லிமீட்டர்ப் பாதை 22½-ஆம் விகிதத்தில் 1012 மில்லிமீட்டர் கொடுக்கும். அதில் மிகச் சிறிய வளைவின் ஆரமே 600 மில்லிமீட்டர். நான்கடி அகலத்துக்கு மேல் இடமிருந்தால் அவர் தாராளமாக இறங்கலாம். இல்லையெனில் எச்.ஓ. விகிதத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர்ப் பாதை உண்டு, 1044 வரும்.

இங்கே ஒரு வார்த்தை. அகலப் பாதை ரயிலை எச்.ஓ.வில் ஓட்டும் நம் நாட்டு அன்பர்கள் இதே பதினாறரை மில்லிமீட்டரைத்தான் பயன்படுத்துகின்றனர். கணக்குப்படி 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். உண்மைப் பாதையில் ஒன்பதரை அங்குலத்தை விழுங்கிவிட்டு அவர்கள் மனமகிழ்வோடு ஓட்டுகிறார்கள். ஆகவே 21 மில்லிமீட்டர் மிகுதி, 30 மில்லிமீட்டர் மிகுதி என்று நாரோ கேஜ்காரர் தூக்கம் கெட வேண்டியதில்லை.

கணக்கு மட்டும் பார்த்தால், நாம் வாங்கி ஏமாந்த ஒன்பது மில்லிமீட்டர்ப் பாதையே சிம்லாவுக்குப் போதும். அதன்மேல் 87-ஆம் விகிதத்து உடலை ஏற்றினால் தீர்ந்தது. அப்படியே செய்யவும் தொடங்கினோம். முப்பதடிப் பெட்டி ஒன்று 105 மில்லிமீட்டர்தான் வரும். வளைவின் ஆரம் 228 மில்லிமீட்டர். சாப்பாட்டு மேசையில் அடங்கிவிடும். ஆனால் தில்லிக்கென்று ஒரு தூசி இருக்கிறது, அன்பர்களே. மே மாதத்தில் ஒரு புழுதிக்காற்று அடித்துவிட்டால், சாத்திய சன்னலுக்குள்ளும் மணல் படியும். இவ்வண்டிகள் தண்டவாளத்திலிருந்து சக்கரத்தின் வழியாகவே மின்சாரத்தை எடுக்கின்றன. எஞ்சின் எவ்வளவுக்குச் சிறியதோ, அவ்வளவுக்குப் பளு குறைவு, பளு குறைந்தால் சக்கரம் தூசியின்மேல் மிதக்கும், மின்சாரம் அறுபடும். நம் நான்கு சக்கர எஞ்சின் ஓரடி ஓடும், நிற்கும், மகன் விரலால் தள்ளுவான், மீண்டும் ஓரடி. தினமும் பாதையைத் துடைத்தே அவன் உற்சாகம் தேய்ந்தது. பெட்டி பரண்மீது ஏறியது.

அது மறுபடி இறங்கியது இவ்வாண்டு நம் தகப்பனார் ஊரிலிருந்து வந்தபோது. ஒரு கண்ணில் புரை அறுத்து, மறு கண்ணுக்கு நாள் குறித்திருந்த நிலையில், இரண்டு மாதம் நம்மோடு தங்கினார். அவர் தஞ்சை மாவட்டத்து மீட்டர் கேஜ் பாதையில் டிராலிமேனாக இருந்தவர். மேற்பார்வையாளர் டிராலியில் அமர்ந்திருக்க, இவர்கள் வெறுங்காலோடு தண்டவாளத்தின் தலைமேலேயே ஓடித் தள்ளுவார்கள். 1992-இல் தொடங்கிய ஒரே கேஜ் திட்டத்தில் அப்பாதையும் பின்னர் அகலப் பாதையாகிவிட்டது. பேரன் பரணிலிருந்து எஞ்சினை இறக்கி அவர் உள்ளங்கையில் வைத்தான். அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார், விரலால் தடவினார். "தீப்பெட்டி மாதிரி இருக்குது. ஆள் எங்கேடா உட்காருவான்?" என்றார்.

பேரனுக்கு விடை தெரியவில்லை. நமக்கும் தெரியவில்லை. அவர் தொடர்ந்து, "பாதையை மட்டும் பார்த்தால் எது எந்தப் பாதை என்று யாருக்குத் தம்பி தெரியும்? பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்து" என்றார்.

நாம் இத்தனை நாள் போட்ட வகுத்தல்களையெல்லாம் அந்த ஒரு சொல் முடித்துவைத்தது. ஐந்தரை அடி உயரமுள்ள மனிதன் அகலப் பாதையின் குறுக்கே படுத்தால் தலை ஒரு தண்டவாளத்தையும் கால் மறு தண்டவாளத்தையும் தொடும். உயரமும் அகலமும் ஒன்றே. மீட்டர் கேஜ் அவன் உயரத்தில் ஐந்தில் மூன்று பங்கு. சிம்லாப் பாதை அவனுள் பாதிக்கும் குறைவு. பாதை குறுகியது என்று கண் அறிவது, பக்கத்தில் நிற்பவன் பெரியவனாக இருப்பதால்தான்.

அன்றிரவு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் ஆட்களை வெட்டினோம்: 19 மில்லிமீட்டர் ஆள், 26 மில்லிமீட்டர் ஆள், 35 மில்லிமீட்டர் ஆள். அலுவலக நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பதினாறரை மில்லிமீட்டர்ப் பாதைத் துண்டு ஒன்றைத் தரையில் வைத்து, ஒவ்வொருவராக நிறுத்தினோம். 19 மில்லிமீட்டர் ஆள் நின்றபோது அது ஐரோப்பியப் பெரும்பாதை. 26 மில்லிமீட்டர் ஆளை நிறுத்தினோம். விகிதம் 64, அகலம் 1056, மீட்டர் கேஜ். 35 மில்லிமீட்டர் ஆள் வந்ததும் மகன் துள்ளிக் குதித்து, "இதுதான் கால்கா!" என்றான். பாதை அசையவில்லை, ஆள்தான் மாறினான். வாங்குமுன் அன்பர்கள் இச்சோதனையைச் செய்து பார்க்குமாறு வற்புறுத்துகிறோம். ஓர் அட்டைத் துண்டுக்கு மேல் செலவில்லை.

ஆனால் நமக்கு ஓர் இக்கட்டு நேர்ந்தது. தகப்பனார் 26 மில்லிமீட்டர் ஆளைக் கையிலெடுத்து, தண்டவாளத்தின் தலைமேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் கீழே வைக்கவில்லை. ஒரே பாதையில் இரு விகிதமும் ஓடலாமே எனில், ஓடலாம். ஆனால் ஒரே பலகையில் நிலையமும் மரமும் மனிதரும் இரண்டு அளவில் நின்றால் இரண்டுமே பொய்யாகத் தோன்றும். மீட்டர் கேஜின் நெடும்பெட்டி சுமார் அறுபதடி. 64-ஆம் விகிதத்தில் அது 286 மில்லிமீட்டர். 371 மில்லிமீட்டர் ஆர வளைவில் அதன் நடுப்பகுதி உள்ளேயும் முனைகள் வெளியேயும் பிதுங்கும். சிம்லாவின் முப்பதடிப் பெட்டி 48-ஆம் விகிதத்தில் 190 மில்லிமீட்டர். அவ்வளைவில் ஒழுங்காகத் திரும்பும். எட்டடிக்குப் பத்தடி அறையில், கட்டிலுக்கடியில் நுழையும் ஐந்தடிக்கு மூன்றடிப் பலகை ஒன்றுதான் நமக்குச் சாத்தியம். இரண்டாம் பலகைக்கு இடமுமில்லை, போனஸுமில்லை.

நாம் தயங்குவதைக் கண்ட தகப்பனாரே, "அவன் ஏறிப் பார்த்த வண்டியையே செய்" என்று கூறிவிட்டு, படுக்கையை உதறி விரிக்கப் போய்விட்டார்.

அவ்வாறே 48-ஆம் விகிதமும் பதினாறரை மில்லிமீட்டரும் என்று முடிவாயிற்று. பழைய எச்.ஓ. டீசல் எஞ்சின் ஒன்றின் அடிச்சட்டம் கைமாற்று விலையில் கிடைத்தது. அது எட்டுச் சக்கரமும் நல்ல கனமும் உடையது. தூசியை மிதித்துக்கொண்டு ஓடுகிறது. உடலை அட்டையில் வெட்டி ஒட்டினோம். ஓட்டுநராக 35 மில்லிமீட்டர் ஆள் ஒருவன் சன்னலில் இருக்கிறான். தகப்பனார் அறுவை முடிந்த மறுவாரம் அவனை விளக்கின்றியே கண்டுபிடித்துவிட்டார்.

அவரை ஊருக்கு ரயிலேற்றிவிட்டு வந்தபின், வெட்டிய ஆட்களை ஒரு டப்பியில் போட எடுத்தோம். 26 மில்லிமீட்டர் ஆளைக் காணவில்லை. வீடு பெருக்கும்போது போயிருக்கும் என்றாள் மனையாள். "இல்லை, தாத்தா மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டார், நான் பார்த்தேன்" என்றான் மகன்.

பலகை கட்டிலுக்கடியில் நுழைய இன்னும் இரண்டு விரற்கடை உயரம் குறைய வேண்டியிருக்கிறது. சட்டத்தை எவ்வாறு இழைப்பது, மின்கம்பிகளை அடியில் எவ்வாறு பதிப்பது என்பவற்றை அடுத்த இதழில் எழுதுவோம்.