தூக்க மாத்திரையும் தவக்குலும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ பயானில், இறைநினைவே உள்ளத்திற்கு அமைதி என்று பேசிக்கொண்டிருந்த நான், உணர்ச்சி மேலிட்டு, "திக்ரு இருக்கும் வீட்டில் தூக்க மாத்திரைக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அன்றிரவே மாத்திரை அட்டையைக் குப்பையில் எறிந்துவிட்டார். ஒன்பது ஆண்டுகளாக அல்பிரசோலம் உட்கொண்டு வந்தவர் அவர். இரண்டாம் நாள் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கின. மூன்றாம் நாள் வலிப்பு. மருத்துவமனையில் பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். அவருடைய மகன் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே இன்றும் உறுத்துகிறது.

ஏனாத்தூரில் எங்கள் வீட்டிலும் அதே மாத்திரை இருந்தது. தந்தையார் வஃபாத்தானபின் இத்தா காலத்தில் உறக்கமின்றித் தவித்த என் தாயாருக்கு இரண்டு வாரத்திற்கென எழுதப்பட்டது, ஆறு ஆண்டுகள் நீடித்தது. அல்பிரசோலம், டயஸெபாம் போன்றவை 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் உள்ளன. மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும் என்பது சட்டம். கடைக்காரரோ, "அம்மாவுக்குத்தானே ஹஜ்ரத்" என்று பழைய சீட்டைப் பார்த்தே எடுத்துக் கொடுப்பார். நானும் வாங்கி வருவேன். குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

முதுமையில் இம்மருந்துகள் உடலைவிட்டு நீங்க நெடுநேரம் ஆகும். டயஸெபாம் நாட்கணக்கில் தங்கும். தள்ளாட்டம், மறதி, இடுப்பெலும்பு முறிவு ஆகியவற்றை அஞ்சியே, இவற்றை முதியோருக்குக் கூடுமானவரை தவிர்க்குமாறு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் கூறுகிறது. தாயார் ரக்அத்தை மறந்ததை வயதின் கோளாறு என்றே எண்ணினோம். ஃபஜ்ருக்கு உளூச் செய்யச் சென்று விழுந்தபோதுதான் மருத்துவர் மாத்திரையைப் பற்றி விசாரித்தார்.

ஆனால் அவரும் உடனே நிறுத்தச் சொல்லவில்லை. நாள்தோறும் உட்கொண்டு பழகிய மூளை, மருந்து திடீரென நின்றால் கொந்தளிக்கும். 2025இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு குறைத்துத் தொடங்கச் சொல்கிறது. இரண்டு வாரத்தில் 25 விழுக்காட்டிற்கு மேல் குறைக்கலாகாது. மாதங்கள் பல ஆகும். இடையில் உறக்கம் கெட்டால் பழைய நோய் திரும்பிவிட்டதென்று வீட்டார் பதறுவர். பெரும்பாலும் அது மருந்து விலகும் அறிகுறியே. அந்நிலையில் அடுத்த குறைப்பை மருத்துவர் தள்ளிவைப்பார். வலிப்பு நோய்க்காக இதை உட்கொள்பவரின் நிலை முற்றிலும் வேறு.

முதியோரால் இது இயலுமா என ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. கனடாவின் கியூபெக்கில் 65 வயது கடந்தோருக்கு, இம்மருந்தின் தீங்கையும் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் விளக்கும் கையேடு ஒன்றை அனுப்பினர். ஆறு மாதத்தில் 27 விழுக்காட்டினர் மருந்தை விட்டிருந்தனர். கையேடு பெறாதவர்களில் 5 விழுக்காட்டினரே விட்டனர். 2014இல் வெளியான ஆய்வு இது.

ரமளானைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகல் வேளை மாத்திரையை நோன்புக்காகத் தாமாகவே விட்டுவிடும் பெரியவர்கள் நம்மிடையே பலர். அஸர் நேரத்து நடுக்கத்தை நோன்பின் களைப்பென்று கருதுகிறார்கள். ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இயலாதவர்க்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். மருந்தை விடச்சொல்லும் அதிகாரம் மிம்பருக்கு இல்லை. "மருத்துவரைப் பாருங்கள்" என்று சொல்லும் கடமை உண்டு. அரசின் டெலிமானஸ் எண் 14416இல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

தாயார் இப்போது அரை மாத்திரையில் இருக்கிறார். பெருநாள் கழியும்வரை அதிலேயே நிற்கட்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். உளூச் செய்யும் இடத்தில் கைப்பிடி ஒன்று பொருத்தியிருக்கிறோம். அவருக்காக துஆச் செய்யுங்கள்.